வாயில்லாத் துணைவனும் விளையாட்டின் அறமும்

பதுளை நகரிலுள்ள தூய மாற்கு ஆலயம், மேஜர் றொஜர்ஸ் என்னும் பிரித்தானிய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டதாகும். பதுளையில் ஆட்சி அலுவல் பார்த்த அவர், 1845 ஆம் ஆண்டு அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர் பெற்றவர் அவர். அன்று அது வீரம், கனவான்களின் விளையாட்டு. மொனராகலையில் யானைகளின் அண்டையில் வாழ்ந்து அவற்றால் துயருறும் நம்மவரும் இன்று அதனை விளையாட்டென்று கூறத் துணியார். விளையாட்டுக்கும் கொடுமைக்கும் இடையிலான வரம்பு காலந்தோறும் மாறுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வரம்பு இன்று சோதிக்கப்படும் களங்களுள் ஒன்று, ‘குறோஸ் கன்ற்றி’ எனப்படும் வெளிநிலக் குதிரையோட்டம். மேடு பள்ளங்களையும் நீர்நிலைகளையும் கடந்து, மரத்தாலான உறுதியான தடைகளைத் தாண்டிக் குதிரை விரைந்தோட வேண்டும். முன்னங்கால் தடையில் மோதிக் குதிரை தலைகுப்புறப் புரண்டு, தன்மேல் இருந்தவரின் மீதே வீழ்வதுதான் இதில் மிகக் கொடிய விபத்து. பிரித்தானியாவில் 1999 ஆம் ஆண்டு மட்டும் ஐந்து வீரர்கள் இவ்வோட்டத்தில் உயிரிழந்தனர். மறு ஆண்டு வெளியான ஆய்வறிக்கை, குதிரை வீழாமற் காப்பதே முதற்கடமை என வற்புறுத்தியது. அதன் பயனாக, மோதியதும் முறிந்து மரத்தைக் கீழே விழச்செய்யும் ஊசிகள் தடைகளிற் பொருத்தப்பட்டன. இன்று குதிரை வீழ்ந்தாலும் வீரர் வீழ்ந்தாலும் போட்டி அவர்களுக்கு அத்துடன் முடிந்துவிடும்.

இவை போற்றத்தக்கவையே. ஆயினும் போதுமானவையா? 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, டோக்கியோ ஒலிம்பிக்கின் வெளிநில ஓட்டத்தை நோக்குவோம். இந்தியாவின் ஃபுவாத் மிர்சா உட்படப் பலரும் அன்று ஓடினர். அதற்கு முந்திய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஜேர்மானியர் மைக்கேல் யுங், அவரது குதிரை தட்டியதால் காப்புப் பொறி அவிழ, 11 தண்டப் புள்ளிகள் பெற்றுப் பதக்க வாய்ப்பை இழந்தார். அதே களத்தில், அதே நாளில், சுவிற்சர்லாந்தின் ‘ஜெற் செற்’ என்னும் குதிரை, காலின் தசைநார் அறுந்து, குணப்படுத்த இயலாதென மருத்துவர் கண்டதனாற் கருணைக்கொலை செய்யப்பட்டது. முன்னவர் இழந்தது பதக்கம். பின்னது இழந்தது உயிர். தடையில் முறியும் ஊசி, காலில் அறும் நாரைக் காக்கவில்லை.

வீரர் ஆபத்தை அறிந்தே களம் புகுகின்றார். குதிரையோ கேட்கப்படுவதில்லை. “ஓடுவது குதிரையின் இயல்பு, அது விரும்பியே ஓடுகிறது” என்பர் சிலர். ஓடுவது இயல்பாகலாம். பார்வையாளர் முன், குறித்த நிமிடத்துள், குறித்த தடைகளைத் தாண்டுவது இயல்பாகுமா? குதிரைக்குத் தெரிந்த மொழி ஒன்றே: தடையின் முன் நின்றுவிடுதல். அந்த மறுப்புக்கும் விதி 20 தண்டப் புள்ளிகள் இடுகின்றது. வாயில்லாத உயிர் தன் கருத்தை வெளியிடும் ஒரே வழியைத் தவறெனக் கணக்கிடுகின்றோம்.

இதனால் இவ்விளையாட்டை ஒழித்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே பல்லாண்டுப் பயிற்சியில் விளையும் நம்பிக்கை அரியதொன்று. ஆனால், நம்பிக்கை பெற்றவனுக்கே கடமை மிகுதி. குதிரை களைத்தது கண்டு கடிவாளத்தை இழுத்து நிறுத்தும் வீரன் தோற்றவனாகக் கருதப்படும்வரை, எத்தனை ஊசிகள் பொருத்தினும் பாதுகாப்பு முழுமை பெறாது. நிறுத்தியவனையும் மதிக்கும் மனம் முதலில் வேண்டும். விதிகள் அதன் வழியே பிறக்கும்.

இது தொலைதேசத்தார் வினா மட்டுமன்று. நுவரெலியாவின் சித்திரைக் குதிரைப் பந்தயத்தையும் வடக்கின் மாட்டுவண்டிச் சவாரியையும் ஆரவாரித்து மகிழும் நாமும் விடையிறுக்கக் கடமைப்பட்டவர்களே. அருளுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் சமுதாயம், வெற்றிக் கோட்டை மட்டும் நோக்காது, அதனை நோக்கி விரட்டப்படும் உயிரையும் நோக்குதல் வேண்டும்.