தெருப்பூனைக்கு யார் கடன்பட்டவர்?

தெருப்பூனை காட்டு விலங்குமல்ல, வீட்டு விலங்குமல்ல. மனிதர் விட்டுவைத்த இடுக்குகளில் தங்கி, மனிதர் எறிந்ததைத் தின்று, மனிதர் தொட வந்தால் ஓடி மறைகிறது. காட்டு விலங்கை அதன் போக்கில் விட்டுவிடுவதே முறை என்று பெரும்பாலோர் ஒப்புவார்கள். வளர்ப்பு விலங்குக்கு வளர்ப்பவரே பொறுப்பு என்பதிலும் ஐயமில்லை. இரண்டுக்கும் நடுவில் வாழும் இந்த உயிருக்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பு எதுவரை செல்லும் என்பது அறவியலில் இன்னும் தீராத கேள்வி. தெருப்பூனைகளுக்கு உணவிட்டு, அவற்றைப் பிடித்துக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடும் தன்னார்வலர்கள் நாள்தோறும் இதற்குத் தங்கள் உழைப்பால் ஒரு விடை சொல்லி வருகிறார்கள். அந்த விடையின் வலுவையும் எல்லையையும் ஆராய ரோம் நகரம் நல்ல களம்.

ரோமின் நடுவே லார்கோ தி தோர்ரே அர்ஜென்தீனா என்ற சதுக்கம் இருக்கிறது. 1920களின் இறுதியில் அங்கே கட்டடங்களை இடித்துத் தோண்டியபோது, பழைய குடியரசுக் காலத்தைச் சேர்ந்த நான்கு கோயில்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட மன்றத்தின் எச்சமும் அதன் ஓரத்தில்தான் உள்ளது. தெரு மட்டத்துக்குக் கீழே, ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த அந்தப் பள்ளம் பூனைகளுக்குப் புகலிடமாயிற்று. அக்கம்பக்கத்துப் பெண்கள் மேலிருந்து உணவு கொண்டுவந்தார்கள். பூனைகளுக்கு உணவிடும் இத்தகைய பெண்களை ரோம் மக்கள் 'கத்தாரே' என்று அழைக்கிறார்கள். நடிகை அன்னா மஞ்ஞானியும் அங்கே பூனைகளுக்கு உணவிட்டவர்களில் ஒருவர் என்று நகரத்தார் சொல்வதுண்டு. 1990களின் தொடக்கத்திலிருந்து தன்னார்வலர்கள் அந்த இடிபாடுகளை ஒட்டியே ஒரு காப்பகம் நடத்தி வருகிறார்கள்.

இந்தப் பெண்கள் செய்துவந்ததை 1991இல் இத்தாலிய நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அந்த ஆண்டின் 281ஆம் எண் சட்டப்படி, சுதந்திரமாகத் திரியும் பூனையைத் துன்புறுத்தக் கூடாது. அரசின் உள்ளூர் சுகாதார அமைப்பு அதற்குக் கருத்தடை செய்து அதன் கூட்டத்திலேயே திரும்ப விடவேண்டும். கடும் நோயோ தீராத நோயோ கண்டால் தவிர அதைக் கொல்லக் கூடாது. பூனைக் கூட்டங்களைப் பராமரிக்கும் பொறுப்பை விலங்கு நலச் சங்கங்கள் ஏற்கலாம். உடைமையாளர் இல்லாத ஒரு விலங்குக்கு அது பிறந்து வளர்ந்த இடத்திலேயே வாழும் உரிமையை ஒரு நாடு எழுதிக் கொடுத்தது சிறிய செய்தியல்ல.

தன்னார்வலர்களின் வேலை பொறுமையைக் கேட்பது. முதலில் பல வாரங்கள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்து, எத்தனை பூனைகள் வருகின்றன, எது சினை, எது நோயுற்றது என்று அறிந்துகொள்ள வேண்டும். பிடிக்கும் நாளுக்கு முந்தைய வேளை உணவை நிறுத்திவிட்டு, கூண்டில் வாசனையுள்ள இரையை வைப்பார்கள். கதவு விழுந்ததும் பூனை மிரண்டு மோதும். துணியால் கூண்டை மூடினால் அடங்கும். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்து, புண் ஆறும்வரை காத்திருந்து, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அந்த அடையாளம் இருந்தால் அதே பூனையை இன்னொரு முறை பிடித்து வதைக்க நேராது.

ரோம் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையிடமும் ஆகையால், இந்த உழைப்பு அங்கே ஒரு சமயக் கேள்வியாகவும் எழுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், விலங்குகளுக்கு மனிதர் நேரடியாகக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று கருதினார். விலங்கை வதைப்பவன் பின்னர் மனிதரையும் வதைக்கக்கூடும் என்பதாலேயே கொடுமை கூடாது என்றார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்துத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் சமயத்தை ஒதுக்கிவிட்டு யோசித்தும் ஏறத்தாழ இதே இடத்துக்கே வந்தார். 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் சற்று அகலமாகப் பேசுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றிடம் பரிவு காட்ட வேண்டும் என்று சொல்லி, அசிசியின் பிரான்சிஸையும், ரோமில் வாழ்ந்த பிலிப் நேரியையும் முன்மாதிரியாகக் காட்டுகிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்கிறது. ஆனால் அதே பத்தியில், மனிதரின் துயரைத் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகள்மேல் செலவிடுவது தகாது என்றும் சொல்கிறது. பூனைகளுக்கு உணவிடும் ஒவ்வொருவரும் கேட்கும் குற்றச்சாட்டு இதுதான்: பசித்த மனிதர் இருக்க, பூனைக்கு மீனா?

இந்தக் கேள்வியை எள்ளிக் கடந்துவிடக் கூடாது. அதைக் கேட்பவர்களில் பசியை அறிந்தவர்களும் உண்டு. ஆனால் பூனைக்குச் செய்வது தானம் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தானம் என்றால் யாருக்கு முதலில் என்று வரிசை பார்க்கலாம். கடன் அப்படியல்ல. கூலியாளுக்குத் தரவேண்டிய கூலியை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருவர் ஊருக்கு அன்னதானம் செய்தால் அதை அறம் என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே, தெருப்பூனைக்கு மனிதர் கொடுப்பது அருளா, பட்ட கடனா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

தத்துவ அறிஞர் கிளேர் பாமர் 2010இல் வெளியிட்ட 'அனிமல் எதிக்ஸ் இன் கான்டெக்ஸ்ட்' நூலில் இதற்கு உதவும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறார். துன்பப்படும் எல்லா உயிருக்கும் உதவியே ஆகவேண்டும் என்ற கடமை மனிதருக்கு இல்லாமல் போகலாம். ஆனால் ஓர் உயிரின் நலிவுக்கு மனிதரே காரணமானால் அங்கே தனிக்கடமை பிறக்கிறது என்பது அவர் வாதம். பூனையின் வரலாறு இதற்கு ஒத்துவருகிறது. சைப்ரஸ் தீவில் சிலூரோகாம்போஸ் என்னும் இடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளை அகழாய்வாளர்கள் கண்டார்கள். அத்தீவில் இயற்கையாகப் பூனை இனம் இல்லை. யாரோ அதைப் படகில் கொண்டுசென்றிருக்க வேண்டும். தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது, பயன் கண்ட மனிதர் அதைத் தம்மோடு உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய உழவரின் செயலுக்கு இன்று வாழ்பவர் பொறுப்பேற்க முடியாது என்று ஒருவர் சொன்னால் அது நியாயமே. கடனுக்குச் சான்று அவ்வளவு தொலைவில் தேட வேண்டியதில்லை. குட்டியாக இருக்கும்போது கொஞ்சி, வளர்ந்ததும் தெருவில் விட்டவர் இன்று வாழ்பவர். கருத்தடை செய்யாத வீட்டுப் பூனையை வெளியே திரியவிட்டு, அது எங்கோ ஈன்ற குட்டிகளைப் பற்றி நினைக்காதவரும் இன்று வாழ்பவர். தெருப்பூனைகளின் கூட்டம் இவர்களால் தொடர்ந்து நிரம்புகிறது. ஆகவே இது கடன் என்பதே சரி. பிறருடைய கடனைத் தன்னார்வலர்கள் தம் கைக்காசிலிருந்து அடைக்கிறார்கள்.

கடனை இந்த வழியில்தான் அடைக்க வேண்டுமா என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. கேட்டுச் சம்மதம் பெற முடியாத ஓர் உயிரின் உடலை அறுத்து, அதன் இனப்பெருக்கத்தை நிறுத்துவது எப்படிப் பரிவாகும்? சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா இருவரும் 2011இல் எழுதிய 'ஸூபோலிஸ்' நூலில், விலங்கின் இனப்பெருக்கத்தில் மனிதர் தலையிடுவதை மனிதரின் வசதியைக் கொண்டு மட்டும் நியாயப்படுத்த முடியாது என்று வலியுறுத்துகிறார்கள். அது விலங்கின் நலனுக்கும் பொருந்த வேண்டும்.

பூனையின் நலனைப் பார்த்தால் தராசு கருத்தடையின் பக்கமே சாய்கிறது. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஆறு மாதம் நிரம்பும் முன்பே பெட்டைக்குச் சினைபிடிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஈனலாம். பிறந்தவை வாழ்கின்றனவா? அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைக் குட்டிகள் 169ஐத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், 127 குட்டிகள் ஆறு மாதம் ஆவதற்குள் இறந்தன அல்லது காணாமல் போயின. நான்கில் மூன்று பங்கு. நாய்க்கடி, வண்டிச் சக்கரம், நோய் ஆகியவற்றுக்கு இரையாகவே பெரும்பாலானவை பிறக்கின்றன. பிறக்காத குட்டி எதையும் இழப்பதில்லை. இழப்பதற்கு அங்கே எவரும் இல்லை. பிறந்து மூன்றாம் வாரத்தில் கண் புழுத்துச் சாகும் குட்டியோ வலியை முழுமையாக உணர்ந்தே சாகிறது. கருத்தடை செய்த பெட்டை அடுத்தடுத்த ஈற்றுகளால் மெலிவதில்லை. கடுவன்களின் சண்டை குறைய, கடியால் பரவும் நோய்களும் குறைகின்றன.

ஆனாலும் ஓர் இடத்தில் இந்தக் கணக்கு எளிதாக முடிவதில்லை. கூண்டில் சிக்கியது நிறைசினையாக இருந்தால், அறுவை கருவிலுள்ள குட்டிகளின் உயிரையும் முடித்துவிடும். சில தன்னார்வலர்கள் அதைச் செய்யச் சொல்கிறார்கள். சிலர் அந்தப் பூனையை வீட்டில் வைத்து ஈனவிட்டு, குட்டிகளுக்கு இடம் தேடியபின் அறுவைக்கு அனுப்புகிறார்கள். கருவிலுள்ள குட்டியை உணரும் ஆற்றலை நெருங்கிவிட்ட உயிர் என்று மதிக்கும் எவரும் இரண்டாம் வழியையே விரும்புவார்கள். அதற்கான இடமும் பணமும் இல்லாதவரைக் குறைசொல்லவும் முடியாது. தாயின் பிறப்புரிமை ஒன்றை மனிதர் எடுத்துக்கொள்ளும் இடத்தில், அதன் எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் உணவும் மருந்தும் தரும் பொறுப்பும் அவரையே சேர்கிறது. அறுத்துத் தெருவில் விட்டுவிட்டு எண்ணிக்கை குறைந்ததென்று மகிழ்வது மனிதரின் வசதிக்கான நிர்வாகம்தான்.

பூனையைக் காப்பவர் அதன் இரையையும் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. அவற்றில் பெரும்பங்கைக் கொல்பவை உடைமையாளர் இல்லாத பூனைகள். குருவிக்கும் வலிக்கும். பூனை தவறு செய்வதாகச் சொல்ல முடியாது. அது நன்மை தீமை அறிந்து நடக்கும் பிறவியல்ல. அதற்கு உணவிட்டு ஓரிடத்தில் நிலைக்கச் செய்பவர் அறிந்து நடப்பவர். சூழலியலாளர் ஆல்டோ லியோபால்ட் 1949இல் வெளிவந்த தம் நூலில், மண்ணும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த முழுச் சமூகத்தின் நலத்தைக் கொண்டே ஒரு செயலை எடைபோட வேண்டும் என்றார். அந்த அளவுகோலில் சில இடங்களில் பூனை பெரும் அழிவு.

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் தென் ஆப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவு அத்தகைய இடம். வானிலை நிலையத்தில் எலித்தொல்லையைத் தீர்க்க 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தார்கள். 1970களில் அவை மூவாயிரத்தைத் தாண்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கரை லட்சம் கடற்பறவைகளைக் கொன்றன. 1977இல் அவற்றினிடையே ஒரு கொள்ளைநோய்க் கிருமியைப் பரப்பினார்கள்; எஞ்சியவற்றைச் சுட்டும் பொறிவைத்தும் 1991க்குள் முற்றும் ஒழித்தார்கள். பறவைகள் பிழைத்தன. ஆனால் பூனை இல்லாத தீவில் எலிகள் பெருகி, இன்று கூட்டில் அமர்ந்திருக்கும் ஆல்பட்ராஸ் பறவைகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. அங்கே நடந்தவற்றில் எந்தக் கட்டத்தையும் கருணை என்று சொல்லக் கூசுகிறது. வேறு வழி இருந்ததா என்று சொல்வதும் எளிதல்ல. அத்தகைய தீவின் தீர்ப்பை நூற்றாண்டுகளாகக் கல்லும் கட்டடமுமாகிவிட்ட ரோமின் நடுப்பகுதிக்குப் பொருத்துவது தவறு. அதுபோலவே ரோமின் விடையைப் பறவைகள் முட்டையிடும் சதுப்புநிலத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. அங்கே பூனைக்கு உணவிடாமல், அதை வேறிடத்தில் வளர்ப்பதே கடனை அடைக்கும் வழி.

இம்முயற்சி பலன் தருகிறதா என்பதும் அறக்கேள்வியின் ஒரு பகுதிதான். மத்திய புளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில் 11 ஆண்டுகள் நடந்த பணியில், 1996இல் 68ஆக இருந்த எண்ணிக்கை 2002இல் 23 ஆயிற்று. அங்கே கணக்கில் வந்த 155 பூனைகளில் ஏறத்தாழ பாதிக்கு வளர்ப்பு வீடு கிடைத்தது; அறுவை மட்டும் இந்தக் குறைவைத் தரவில்லை. ரோமின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 1991 முதல் 2000 வரை அங்கே ஏறத்தாழ 8,000 பூனைகளுக்குக் கருத்தடை நடந்தது. 103 கூட்டங்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த கட்டுரை, எண்ணிக்கை பொதுவாகக் குறைந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் புதிதாக வந்து சேர்பவை 21 விழுக்காடு. பலவும் வீடுகளிலிருந்து கைவிடப்பட்டவை. வீட்டுப் பூனைகளின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மக்களைப் பழக்காவிட்டால், இத்தனை உழைப்பும் பணமும் காலமும் வீண் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள்.

வீண் என்ற சொல் தன்னார்வலரைச் சுட வேண்டியதில்லை. ஒரு பூனையின் பசி தீர்ந்தது அந்தப் பூனைக்கு உண்மையிலேயே தீர்ந்ததுதான். ஆனால் கடன்பட்டவர் யார் என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை சொல்லிவிடுகிறது. இரக்கமுள்ள சிலர் அடைத்துக்கொண்டே இருந்தால், கடன்பட்டவர் புதுக்கடன் வாங்கிக்கொண்டே இருப்பார். இத்தாலியில் வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது குற்றம். 2004இல் திருத்திய தண்டனைச் சட்டம் அதற்கு ஓராண்டு வரை சிறைக்காவலோ 1,000 முதல் 10,000 யூரோ வரை அபராதமோ விதிக்க இடம் தந்தது. அறுவைச் செலவைப் பொது மருத்துவ அமைப்பு ஏற்க, அன்றாடப் பராமரிப்பைத் தன்னார்வலர் ஏற்கும் ஏற்பாடு கடனை ஓரளவு சமூகத்தின்மேல் பரப்புகிறது. இவ்வகையில் அது பல நாடுகளின் ஏற்பாட்டைவிட நேர்மையானது.

பணி முழுமையாக வென்றால் ஒரு நாள் கூட்டமே இல்லாமல் போகும். தாம் நேசிக்கும் ஒன்றின் முடிவுக்காகவே இவர்கள் உழைக்கிறார்களா என்று கேட்பவர் உண்டு. முடிய வேண்டியது எவருக்கும் பொறுப்பில்லாமல் பிறந்து சாகும் நிலை. பூனை வீட்டுக்குள் வாழ்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த முடிவை நெருங்கும்போது கூட்டத்தில் எஞ்சுபவை கிழப்பூனைகளும் கண்ணிழந்தவையும் கால் முறிந்தவையும்தான். அவற்றுக்கு வளர்ப்பு வீடு கிடைப்பது அரிது, செலவோ அதிகம். எண்ணிக்கை குறைந்தது என்று நகராட்சி கைவிரிப்பதும், உணவிட்டவர் முதுமையால் ஓய்வதும் பெரும்பாலும் இந்த வேளையில்தான் நேர்கின்றன. கூட்டத்தையும் அதைப் பராமரிப்பவரையும் அரசிடம் பதிவு செய்யும் ரோமின் முறைக்கு இங்கேதான் பயன் மிகுதி. ஒருவர் விலகும்போது அடுத்தவரைத் தேடித் தரும் கடமை அப்போது பதிவேட்டை வைத்திருக்கும் நிர்வாகத்தைச் சேர்கிறது.