எந்தப் பெயரை மேலே வைப்பது?

ஐபோனில் ஒரு செயலியைத் திறந்தால் பெரும்பாலும் திரையின் உச்சியில் ஒரு பட்டை இருக்கும். நடுவில் தலைப்பு, இடது ஓரத்தில் திரும்பிப் போக ஓர் அம்பு. நேவிகேஷன் பார் என்போம். வழக்கமான உயரம் 44 பாயிண்ட். தேவாரத்துக்கு ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பட்டையில் என்ன எழுதுவது என்பது வெறும் வடிவமைப்பு வேலையாகத் தெரியவில்லை. பேரும் உருவும் இல்லாத ஒருவனை எந்தப் பெயரால் அழைப்பது, அந்தப் பெயரைத் தீர்மானிக்கிறவர் யார் என்று சைவம் காலங்காலமாகக் கேட்டு வரும் கேள்விதான் அங்கே வந்து நிற்கிறது.

சீர்காழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஒன்று, பெயர் பன்னிரண்டு: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். பிரமன் பூசித்ததால் பிரமபுரம், ஊழி வெள்ளத்தில் தோணியாக மிதந்ததால் தோணிபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் தலபுராணத்தில் ஒரு கதை உண்டு. கோயிலுக்குள் போனாலும் இதே கதைதான். கீழே இலிங்கமாகப் பிரமபுரீசுவரர்; படியேறினால் அம்மையோடு தோணியப்பர்; அதற்கும் மேலே சட்டைநாதர். ஊர்க்காரர்கள் சட்டைநாதர் கோயில் என்றே சொல்கிறார்கள். இந்த ஒரு தலத்துக்குச் சம்பந்தர் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பதிகங்கள் பாடியிருக்கிறார், பெயரை மாற்றி மாற்றி.

செயலிக்குள் ஒவ்வொரு தலத்துக்கும் ஓர் எண் உண்டு. பன்னிரண்டு பெயரும் அந்த ஓர் எண்ணில்தான் கட்டியிருக்கின்றன. எண் மாறாது, குழப்பாது. ஆனால் எண்ணைச் சொல்லி யாரும் உருகியதில்லை. திரைக்கு ஒரு பெயர் வேண்டும்.

பஸ் போர்டில் உள்ள ‘சீர்காழி’யையே எல்லாத் திரைக்கும் வைத்துவிடுவது சுலபம். தலைப்பு சுருக்கமாக இருக்க வேண்டும், நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதுதானே இந்தத் தொழிலில் பாலபாடம்? பதிப்புகளில் உள்ளபடி ‘திருப்பிரமபுரம்’ என்று வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் பதிகம் அந்நியமாகிறது. இரண்டாவதில் வாசிக்க வந்தவர் அந்நியமாகிறார்.

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. இறைவனுக்குப் பேரும் உருவும் இயல்பில் கிடையாது. உயிர்களுக்காக, அருளினால், அவன் அவற்றைக் கொள்கிறான் என்கிறது அது. அப்படியானால் பெயர் அழைக்கப்படுகிறவனின் தேவை அல்ல, அழைக்கிறவனின் தேவை. இதை நான் அப்படியே நம்புகிறேன். ஆகவே தலத்தின் பக்கத்துக்கு நிலையான தலைப்பே வைக்கவில்லை. எந்தப் பெயரைத் தேடி வந்தாரோ அந்தப் பெயரை முந்தைய திரை கையோடு கொடுத்தனுப்பும், அதுவே தலைப்பாகும். கழுமலம் என்று தேடியவருக்குக் கழுமலம், சட்டைநாதர் என்று தேடியவருக்குச் சட்டைநாதர்.

எனக்குப் பாடல்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஓதுவார் ஐயா இதைப் பார்த்துவிட்டு, “தலத்துக்கு இது சரி தம்பி. பதிகத்துக்கும் இப்படியே வச்சுடாதீங்க. அங்க கூப்பிடுறது நீங்களோ நானோ இல்ல. பிள்ளை கூப்பிடுறார். அவர் புகலின்னா புகலிதான்” என்றார். சம்பந்தரைப் பிள்ளை என்றுதான் சொல்வார். கோட்பாடு அதேதான், அழைக்கிறவர் மட்டும் மாறுகிறார். இப்போது சீர்காழி என்று தேடி வந்து ஒரு புகலிப் பதிகத்தைத் தொட்டால் மேலே ‘திருப்புகலி’ வரும். ஐஓஎஸ் 14 முதல் அந்த அம்பை அழுத்திப் பிடித்தால் கடந்து வந்த திரைகளின் தலைப்புகள் பட்டியலாக இறங்கும். அங்கே ‘சீர்காழி’ இருக்கும். வாசகர் அழைத்த பெயரும் சம்பந்தர் அழைத்த பெயரும் ஒரே வழியில் இருக்கின்றன.

அடுத்தது இடப் பற்றாக்குறை. வைத்தீசுவரன்கோயிலுக்குத் தேவாரத்தில் திருப்புள்ளிருக்குவேளூர் என்று பெயர். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களும் வாசிக்கட்டும் என்று தலைப்பின் எழுத்தை நான் பெரிதாக்கியதும் அது ‘திருப்புள்ளிருக்…’ என்று அறுந்து நின்றது. ‘திரு’வை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுத்தைச் சுருக்கினால் இகர விலங்குகள் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் ஓலைச்சுவடியிடம்தான் போனேன். ஓலையின் விளிம்பு வந்தால் சொல் பாதியில் நின்றாலும் எழுதுகிறவர் அடுத்த வரிக்குப் போவார். மிச்சத்தை முழுங்கிவிட்டு மூன்று புள்ளி வைக்கமாட்டார். தலைப்பு இருக்குமிடத்தில் நானே ஒரு லேபிளை வைத்து, ‘திருப்புள்ளிருக்கு’ மேலேயும் ‘வேளூர்’ கீழேயுமாக இரண்டு வரியாக்கினேன். அப்படிச் சொந்த லேபிள் வைக்கும்போது, இது தலைப்பு என்று, திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சோதிக்கையில்தான் கவனித்தேன்: கண்ணுக்கு அறுந்து தெரிந்த பழைய தலைப்பையும் வாய்ஸ்ஓவர் முழுப் பெயராகவே வாசித்துக்கொண்டிருந்தது. பார்வை இல்லாதவருக்கு அந்தப் பெயர் ஒரு நாளும் அறுபடவில்லை. தேவாரம் வாயிலும் காதிலும் வாழ்வது. கண்ணாடியில் அது குறைபட்டால் குறை நம் பட்டையில்தான்.

பன்னிரண்டு பெயரையும் பாட்டுக்கொன்றாக வைத்துச் சம்பந்தர் பாடிய பதிகமும் உண்டு. முதல் திருமுறையில் இருக்கிறது. பதிப்புகளில் அதற்குப் ‘பல்பெயர்ப்பத்து’ என்று பெயர். இதற்கு எந்தப் பெயரைத் தலைப்பாக்குவது? இங்கே மட்டும் தலைப்பை நகரவிட்டேன். விரலால் தள்ளத் தள்ள, எந்தப் பாட்டு மேலே வருகிறதோ அந்தப் பாட்டின் பெயர் பட்டையில் ஏறும்: பிரமபுரம், வேணுபுரம், புகலி. தலைப்பு என்றால் அசையக்கூடாது, வாசிக்கிறவர் தடுமாறுவார் என்பது எங்கள் தொழிலின் விதி. மற்ற எல்லாத் திரைகளிலும் அதற்குக் கட்டுப்படுகிறேன். இந்த ஒரு பதிகத்தில் அழைக்கிறவரே பெயரை மாற்றிக்கொண்டு போகிறார். தலைப்பு அவர் பின்னால் போகத்தான் வேண்டும்.