ஏழைக்கு அரை வைத்தியம் போதுமா?



ஒரு வினாவை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம். வைத்தியர் இல்லாத ஒரு கிராமம். பிறந்து ஐந்து நாட்களேயான குழந்தை பால் குடிக்க மறுக்கின்றது, உடல் சில்லிட்டுப் போகின்றது, மூச்சு இரைக்கின்றது. இரத்தத்தில் கிருமி பரவிவிட்டதற்கான அறிகுறிகள் இவை. அவ்வூரில் எட்டாம் வகுப்புவரை படித்து, பின்னர் சுகாதாரப் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அக்குழந்தைக்கு ஊசி மருந்து ஏற்றலாமா?

கூடவே கூடாது என்று எம்மிற் பலர் கூறுவோம். உயிரோடு விளையாடலாமா? எமது பேரப்பிள்ளையை அப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் ஒப்படைப்போமா? ஒப்படைக்க மாட்டோம் என்றால், ஏழையின் பிள்ளைக்கு மட்டும் அது போதும் என்பது என்ன நியாயம்? நேர்மையான ஆட்சேபனை இது. தட்டிக் கழிக்கக் கூடியதன்று.

ஆயினும் இவ்வினா வெறும் கற்பனையும் அன்று. இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், காடுகள் சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில், அபய் பங், ராணி பங் என்னும் வைத்தியத் தம்பதியர் 1990களில் இதனை எதிர்கொண்டனர். 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைத் தெரிந்தெடுத்தனர். குழந்தையை நிறுக்கவும், குளிர் தாக்காமற் காக்கவும், மூச்சுத் திணறலைக் கவனிக்கவும், ஆபத்துக் குறிகளை இனங்காணவும், பெற்றோர் சம்மதித்தால் கிருமிகொல்லி மருந்தை ஊசிமூலம் ஏற்றவும் அவர்களைப் பழக்கினர். அக்கிராமங்களில் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளுள் முதல் மாதத்திலேயே இறந்தவர் தொகை ஏறத்தாழ 62 ஆக இருந்தது. சில ஆண்டுகளில் அது 25 அளவுக்குக் குறைந்தது. 1999இல் இம்முடிவுகள் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாம் அப்பெண்ணைப் பட்டணத்து வைத்தியரோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றோம். ஆனால் அக்குழந்தையின் படுக்கையருகே வைத்தியர் இல்லை. அவள் விலகிவிட்டால் அங்கே ஒருவருமே இல்லை. சிறந்தது கிடைக்கும்வரை நல்லதையும் கொடுக்காதே என்று சொல்பவர், காத்திருப்பதன் விலையைத் தாம் கொடுப்பதில்லை. அதைக் கொடுப்பது அத்தாயே.

அவள் அரை வைத்தியரா?

அடுத்து, 'அரை' என்ற சொல்லையே சற்று ஆராய்வோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட ஜாம்கேட் பகுதியில் பணி தொடங்கினர். முதலில் முறையான பயிற்சி பெற்ற தாதியரைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர், அம்முயற்சி வேரூன்றவில்லை. பின்பு ஒவ்வொரு கிராமமும் தன் பெண்களுள் ஒருத்தியைத் தானே தெரிவு செய்தது. அவர்களுட் பலர் எழுத்தறியாதவர். பலர் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட குலத்தினர். ஒருமுறை வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பயிற்சியன்று அது. அவர்கள் தவறாது ஜாம்கேட்டுக்குத் திரும்பி வந்தனர். தாம் கண்டதைச் சொல்லினர். பிழையைத் திருத்திக்கொண்டு, புதிதாய் ஒன்றைக் கற்றுச் சென்றனர். 1970களின் தொடக்கத்தில் அங்கே 1,000க்கு 176 ஆக இருந்த சிசுமரணம் 1990களின் நடுப்பகுதியில் 26 ஆகத் தாழ்ந்தது.

எந்த வீட்டில் மருமகள் கடைசியாகச் சாப்பிடுகிறாள், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ள முடியாது என்பது அப்பெண்ணுக்குத் தெரியும். நோயின் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கின்றது. வைத்தியர் அறியாத அந்தப் பாதியை அவள் முழுமையாக அறிந்தவள்.

பின்னால் நிற்பது யார்?

ஆயினும் இதனைச் சாட்டாக வைத்து அரசுகள் தம் கடமையிலிருந்து நழுவலாகாது. எமது நாட்டையே பாருங்கள். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், மருத்துவமாது எமது வீடுதேடி வந்துகொண்டிருக்கிறாள். எமது தாய்மாரும் பாட்டிமாரும் அவளை நன்கறிவர். இன்று குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் அவளுக்கு ஒன்றரை வருடப் பயிற்சியுண்டு; அரச சம்பளமுண்டு. தன்னால் இயலாததை அனுப்பிவைக்க அவளுக்குப் பின்னால் வைத்தியசாலை உண்டு. அனுப்புவதற்கு இடமில்லாத பணியாளரிடம் ஒரு கிராமத்தை ஒப்படைப்பது, அக்கிராமத்தைக் கைவிடுவதற்கு மரியாதையான ஒரு வழி மாத்திரமே.

கூலியின் காரியமும் அப்படியே. இந்தியா 2005 முதல் 'ஆஷா' என்னும் கிராம சுகாதாரப் பணியாளரை நியமித்து வருகின்றது. அவர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் பெண்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துக் கௌரவித்தது. ஆனால் அத்திட்டம் அவர்களைத் தொண்டர் என்றே அழைத்தது; செய்த பணிக்கேற்ப ஊக்கத்தொகை கொடுத்தது. நிலையான ஊதியம் கேட்டு அவர்கள் பலமுறை வீதியில் இறங்க நேர்ந்தது. தானாக விரும்பி ஏற்கும் தியாகம் புண்ணியம். பிறர்மேல் சுமத்தும் தியாகத்துக்கு அப்பெயர் பொருந்தாது. அது உழைத்தவரின் கூலியைப் பிடித்துவைத்தலாகும். சேவை, அர்ப்பணம் என்ற சொற்களை அடிக்கடி உச்சரிக்கும் நாம் இதில் விசேட கவனமாயிருக்க வேண்டும்.

ஆகவே எமது விடை இது: பயிற்சி தொடருமானால், மேற்பார்வை இருக்குமானால், வைத்தியசாலைக்கு வழி திறந்திருக்குமானால், உழைப்புக்குத் தக்க கூலி கிடைக்குமானால், அப்பெண் ஊசி ஏற்றலாம், அவளைத் தடுப்பதே பிழையாகும். இவையெதுவுமின்றி அவளைத் தனியே அனுப்பினால், ஏழைக்கு நாம் கொடுப்பது அரை வைத்தியமே.

வாசகரே, உங்கள் பிள்ளைகளுள் வைத்தியரும் தாதியரும் உளர். தாம் கற்றதில் ஒரு பகுதியையாவது எளிய சொற்களில் பிறர்க்குக் கற்பிக்க அவர்களைத் தூண்டுங்கள். நாளை குடும்பநல உத்தியோகத்தர் உங்கள் படலையைத் திறந்து வரும்போது கதிரை கொடுத்து அமரச் செய்து, அவள் சொல்வதைச் செவிமடுங்கள். அடுத்த ஊருக்கு அவளைப்போல் ஒருத்தி இருக்கிறாளா என்றும் கேட்டறியுங்கள்.