கோதின் விலை

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில், கோயில் திருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கையில், இளைஞர் சிலர் என்னைத் தேடி வந்தனர். முன்னர் என்னிடம் படித்தவர்கள்; இன்று கடலுக்குச் செல்பவர்கள். வாண வேடிக்கையில் அவர்களுக்குத் தணியாத ஆர்வம். வாணங்களுக்கு வேண்டிய கோதுகளைத் தாங்களே சேர்த்து, உரிமம் பெற்ற வாணக்காரர் ஒருவரிடம் மருந்து அடைக்கக் கொடுத்தால் செலவு குறையும் என்பது அவர்கள் எண்ணம். ஊரிற் சேர்ந்த பணமோ சொற்பம். "சேர், மலிவாய்க் கோது எங்கே எடுக்கலாம்?" என்று கேட்டனர்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அது கடைத்தெருவோடு முடிகிற கேள்வியன்று என்பது எனக்குப் புலப்பட்டது.

கோது என்பது யாது? மருந்தைத் தன்னுள் அடக்கி நிற்கும் கடதாசிக் குழல். பழைய பத்திரிகைகளும் எழுதி முடித்த கொப்பிகளும் மாப்பசை தடவப்பெற்று, ஒரு கோலின்மேல் இறுகச் சுருட்டப்பட்டு, வெயிலில் உலர்ந்து கோதாகின்றன. கோது தளர்ந்திருந்தால் வாணம் எழாது. வெடியும் சீறி அடங்கிவிடும். மருந்தின் ஆற்றலுக்கு வடிவு கொடுப்பது கோதே. எனினும் வானில் மலரும் ஒளியைக் கண்டு மகிழ்வோர் எவரும் கோதை நினைப்பதில்லை. மறுநாட் காலையில் அது கோயில் முற்றத்துக் குப்பையாகிறது.

கடையிற் கேட்பதற்கு முன் நாமே சுருட்டிப் பார்ப்போம் என்றேன். ஒரு பிற்பகல் முழுவதும் விறாந்தையில் அமர்ந்து சுருட்டினோம். பாட்டும் பகிடியுமாகப் பொழுது இனிதே கழிந்தது. முடிவிற் கணக்குப் பார்த்தோம். கடதாசிக்கு இவ்வளவு, பசைக்கு இவ்வளவு என எழுதிவிட்டு, எங்கள் உழைப்புக்குக் கடற்றொழிலாளி ஒருவரின் அரைநாட் கூலியையும் சேர்த்தோம். என்ன விந்தை! மருந்தும் திரியும் அடைத்துக் கடையில் விற்கும் வெடியின் விலையைக் காட்டிலும் எங்கள் வெறுங்கோதின் அடக்கவிலை அதிகமாயிற்று.

எங்கள் கை பழகாத கை என்பது உண்மை. பழகிய கை எங்களைப்போற் பல மடங்கு வேகமாகச் சுருட்டும். ஆயினும் இவ்வளவு வேறுபாட்டுக்கும் வேகம் ஒன்றே காரணமாகுமா? கடதாசியும் பசையும் வேண்டாதவர் எவருமிலர். வியாபாரி இலாபம் வைக்காமல் விற்பதில்லை; லொறிக்காரன் கூலி வாங்காமல் ஏற்றுவதில்லை. குறைக்கத்தக்கதாய் எஞ்சுவது ஒன்றே. அதுதான் சுருட்டியவரின் பொழுது. எவரோ ஒருவரின் பிற்பகல் பொருட்படுத்தத் தகாததாய் விடப்பட்டிருக்கிறது. மலிவு என்பதன் உட்பொருள் இதுவே.

அந்த எவரோ ஒருவர் யார்? தமிழ்நாட்டுச் சிவகாசியை எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்த கரிசற் பூமி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து அங்கே தொடங்கினர். பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. இன்று இந்தியாவின் பட்டாசுகளில் மிகப் பெரும்பகுதி அவ்வட்டாரத்திலிருந்தே வருகிறது. வறண்ட நிலத்துக்கு வாழ்வு தந்த தொழில் அது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்து தொழிற்சாலையின் எல்லைக்குள் இருக்க, கோது சுருட்டும் வேலை வீடுகளுக்குச் சென்றது. வெறுங்கோது வெடிப்பதில்லையாதலால் வெடிமருந்துச் சட்டத்தின் கண் அதன்மேற் படுவதில்லை. சுருட்டியதை எண்ணிக் கூலி கொடுக்கும் முறையில் நேரத்துக்கும் கணக்கில்லை, வயதுக்கும் கணக்கில்லை. தாயின் எண்ணிக்கை நிறைய வேண்டுமானால் பள்ளி விட்டுவந்த பிள்ளையும் அருகில் அமர வேண்டும். பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பி கோதாகிறது. அந்தக் கோதுக்காக வேறொரு பிள்ளை கொப்பியை மூடி வைக்கிறது.

இந்தத் துயரை அக்கரைக்கு மட்டும் உரியதாக்கி நாம் தப்பிக்கொள்ள இயலாது. நீர்கொழும்புக்கு அருகே கிம்புலாப்பிட்டியவில் சீனவெடியும் வாணமும் செய்வது பல குடும்பங்களின் பிழைப்பு. அங்கு நிகழ்ந்த வெடிப்புகளிலும் உயிர்கள் போயுள்ளன. சிங்களத் தொழிலாளியின் விரலும் தமிழ்த் தொழிலாளியின் விரலும் ஒரே விதமாகவே கருகுகின்றன.

"அவர்களை யாரும் வற்புறுத்தவில்லையே, நாம் வாங்காவிட்டால் உள்ள கூலியும் போய்விடுமே" என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை இருப்பதாலேயே அது அபாயமானது. பசி வற்புறுத்துகையில் வேறெவரும் வற்புறுத்த வேண்டியதில்லை. 1996 டிசம்பர் 10ஆம் நாள், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் தொடர்பாக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலிற் குழந்தையை அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபா நலநிதிக்குச் செலுத்த வேண்டும்; அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாவிடின் 5,000 ரூபா அந்நிதியிற் சேர்க்க வேண்டும் என்றது. இதன் பின்பகுதியையே நாம் ஊன்றி நோக்க வேண்டும். தாய்க்கும் தந்தைக்கும் போதிய கூலி இல்லாதவரை பிள்ளையின் விடுதலை வெறும் உபதேசமாகவே இருக்கும். ஆகவே வாங்குவதா, வாங்காதிருப்பதா என்பதன்று பிரச்சினை. கூலியைத் தீர்மானிப்பவர் யார் என்பதே பிரச்சினை.

மால்டாத் தீவை ஒப்புநோக்குவது இங்கே பயன்தரும். மன்னாரைப் போலவே கத்தோலிக்கக் கோயில் திருநாள்கள் நிறைந்த தீவு அது. அங்கே ஊர்தோறும் ஆர்வலர்கள் கூடி, ஓய்வு நேரங்களில், கூலி வாங்காமல் தம் ஊர்த் திருநாளுக்கான வாணங்களைச் செய்கின்றனர். அங்கும் வெடிப்பு நிகழ்வதுண்டு; ஆர்வலர்கள் மாண்டதுமுண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசிக்கருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிப்பிலும் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். சாவு இரண்டு இடத்திலும் சாவுதான். ஆனால் மால்டா ஆர்வலன், நாளை முதல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டில் உண்டு உறங்கலாம். முதலிப்பட்டித் தொழிலாளிக்கு அவ்வுரிமை இருந்ததா? அதே கடதாசி, அதே பசை, அதே விரலசைவு. ஒருவனுக்கு விளையாட்டு, மற்றவனுக்கு விதி. உழைப்பு தன்னளவில் இழிந்ததன்று. மறுக்கும் உரிமை பறிக்கப்பட்ட இடத்திலேயே அது இழிவுறுகிறது. விறாந்தையில் நாங்கள் பாடிக்கொண்டு சுருட்டினோம். விரும்பிய கணத்தில் எழுந்து போகலாம் என்பதனாலன்றோ அந்தப் பாட்டு வந்தது?

மன்னார்க் கரைக்கு இப்பாடம் புதிதன்று. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக் குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கியவர்கள் சிப்பியைக் கரைசேர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று பங்காக்கப்பட்டது; இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையின் சிதைவு இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. முத்துகள் தொலைதேசத்துக் கழுத்துகளுக்குச் சென்றன. சிப்பியோடுகளே கரையிற் குவிந்தன. குளித்தவர்களின் பெயர்களைத் தாங்கிய மாளிகை எதுவும் இக்கரையில் இல்லை.

கோது என்ற சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு. ஒரு தலைமுறைக் குழந்தைகள் அச்சொல்லை வாணத்திலிருந்து கற்கவில்லை. துப்பாக்கி ரவையிலிருந்தும் எறிகணையிலிருந்தும் கற்றனர். 1999 நவம்பர் 20ஆம் நாள் மடுத் திருத்தலத்தில் எறிகணைகள் விழுந்தபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அந்த இரும்புக் கோதுகளை மலிவாய் எங்கே எடுக்கலாம் என்று எந்த ஆட்சியாளரும் தயங்கி நின்றதாக நாம் அறியோம். கொலைக்குரிய கோதுக்குக் கஜானா திறக்கிறது. மகிழ்ச்சிக்குரிய கோதுக்கு மட்டும் ஏழையின் விரலிற் பேரம் பேசப்படுகிறது. 2009இல் போர் ஓய்ந்த பின்னர், பதுங்கு குழியை நினையாமல் வானத்து ஒளியைப் பார்க்கும் பேறு இம்மக்களுக்கு மீண்டது. அதனை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வறியவனுக்குச் சோறு மட்டும் போதும், வாணம் வேண்டாம் என்று கூறுவது சீர்திருத்தமாகாது; அது மேட்டுக்குடியின் சிக்கனப் போதனை.

அப்படியாயின் அவ்விளைஞர்களுக்கு என்ன விடை கூறுவது? மலிவான கோது எங்கும் இல்லை என்பதே விடை. நாம் கொடாத காசை வேறொருவர் தம் பொழுதாலும் பார்வையாலும் சில வேளை உயிராலும் கொடுத்துத் தீர்க்கிறார். இதனை அவர்களிடம் சொன்னேன். அவர்கள் நெடுநேரம் தம்முள் வாதித்தனர். இறுதியில் எண்ணியதிற் பாதி வாணங்களே போதும் என்றும், வாணக்காரர் கேட்ட விலைக்குப் பேரம் பேசுவதில்லை என்றும், அவரிடம் வேலை செய்வோர் யார், என்ன கூலி பெறுகின்றனர் என்று நேரிற் கேட்பது என்றும் முடிவு செய்தனர். வானம் ஒன்றும் குறைபட்டுவிடவில்லை.

ஓர் ஊரின் இளைஞர் பாதி வாணத்தோடு நின்றுவிடுவதால் சுரண்டல் ஒழிந்துவிடாது. அதை நான் அறிவேன். கோது சுருட்டுவோர் தாமே சங்கமாகத் திரண்டு தம் கூலியைத் தாமே பேசும் நாளிலன்றி இதற்கு முழுத் தீர்வில்லை. ஆனால் அந்நாளில் அவர்கள் பக்கம் நிற்கப் போகிறவர் யார்? இன்று வாங்குகிற நாமே. விலை ஏறிவிட்டது என்று நாம் அன்று முணுமுணுத்தால், இன்றைய இரக்கமெல்லாம் பொய்யாகும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். மாணவர் கையிற் பழைய கடதாசியும் பசையும் கொடுத்து ஒவ்வொருவரையும் பத்துக் கோது சுருட்டச் சொல்லுங்கள். பிறகு கூலிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். மலிவாய்க் கிடைக்கும் எதனைக் கண்டாலும், மீதியைக் கொடுத்தவர் யார் என்று கேட்க அவர்கள் அன்றே கற்றுக்கொள்வார்கள்.