விலைக்கு மேல் கொடுப்பது தகுமா?

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த சிறுவாச்சூர், வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களே நடை திறக்கும் மதுரகாளியம்மன் கோயிலால் பலரும் அறிந்த ஊர். அவ்வூரில் குடியிருக்கும் நம் அன்பர் ஒருவர் அண்மையில் நமக்கு ஒரு வினா விடுத்திருந்தார். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர். பல ஆண்டுகளாக ஒரு சிற்றிதழை வருவித்துப் படித்து வருபவர். அவ்விதழின் ஆண்டுச் சந்தா நானூறு ரூபாய். இவ்வாண்டு சந்தாச் சீட்டோடு ஓர் அறிவிப்பும் வந்ததாம்: இயன்றவர்கள் ஆயிரம் ரூபாய் செலுத்தினால், எழுதுவோருக்குச் சிறு தொகையேனும் வழங்க இயலும் என்பது அதன் செய்தி. நானூறு செலுத்துவோருக்கு வரும் இதழுக்கும் ஆயிரம் செலுத்துவோருக்கு வரும் இதழுக்கும் ஒரு பக்கமும் வேறுபாடு கிடையாது. "மிகுதியான அறுநூறு ரூபாயை எந்தக் கணக்கில் எழுதுவது? அது விலையா, தானமா, அல்லது வீண் செலவா?" என்று அன்பர் கேட்கிறார்.

வினா சிறிது போலத் தோன்றினும், அதனுள் மூன்று ஐயங்கள் அடங்கியுள்ளன. கேட்ட விலையைக் கொடுத்துவிட்டவனுக்கு அதற்கு மேலும் கடமை உண்டோ என்பது ஒன்று. பசித்தவர் இருக்க, எழுதுபவருக்குக் கொடுப்பது முறையோ என்பது மற்றொன்று. கொடுக்கின்றவர் கைக்கு எழுதுகோல் அடிமைப்படாதோ என்பது மூன்றாவது. இவற்றை நாம் எண்ணிப் பார்க்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அன்பர் வாழும் பகுதியே இதற்கு நல்ல சான்று தருகிறது.

டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவு பெற்ற கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அரியலூர் ஜமீனின் ஆதரவில் சில காலம் வாழ்ந்தார். அவ்வாதரவு தளர்ந்தபின் அக்குடும்பம் ஊர் ஊராகச் சென்றது. குன்னம், கார்குடி, செங்கணம் என்று இன்றும் பெரம்பலூர்ப் பகுதியினர் அன்றாடம் சொல்லும் ஊர்ப்பெயர்கள் 'என் சரித்திரம்' நூலில் வரிசையாக வருகின்றன. வேங்கடசுப்பையர் இராமாயணப் பிரசங்கம் செய்வார். ஊரார் இருக்க இடமும் உண்ணத் தானியமும் தந்து, நிறைவு நாளில் இயன்றதை அளிப்பார்கள். குன்னம் சிதம்பரம் பிள்ளையும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் அச்சிறுவனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள். ரெட்டியாரிடம்தான் அவர் யாப்பருங்கலக் காரிகையைப் பாடங் கேட்டார்.

இங்கே நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நாளில் சொல்லுக்கு விலை என்ற ஒன்றே இருந்ததில்லை. பிரசங்கம் கேட்க நுழைவுச் சீட்டு கிடையாது. ஆகவே, 'விலைக்கு மேல்' என்ற பேச்சும் எழவில்லை. கொடுத்தவை எல்லாமே மேல்தான். அச்சும் தாளும் வந்து, நூல் கடையில் பொருளாக அமர்ந்த பிறகே விலை என்பது முன்னே வந்து, 'இதைக் கொடுத்துவிட்டாயானால் உன் கணக்குத் தீர்ந்தது' என்று படிப்பவனிடம் சொல்லத் தொடங்கியது.

அக்கணக்கு உண்மையில் தீர்ந்ததா? இருநூறு ரூபாய் விலையுள்ள ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். ஆசிரியருக்குப் பத்து விழுக்காடு என்ற பரவலான வழக்கத்தின்படி அவர் கைக்கு வருவது இருபது ரூபாய். ஆயிரம் பிரதிகள் விற்றால் இருபதினாயிரம். அந்நூலுக்கு அவர் மூன்று ஆண்டு உழைத்திருப்பாரானால், மாதத்துக்கு ஐந்நூற்று ஐம்பது ரூபாய்தான் தேறும். நாம் கொடுத்த விலை தாளுக்கும் மைக்கும் கட்டுமானத்துக்கும் கடைக்காரருக்கும் உரிய விலை; எழுதியவனின் உழைப்புக்கு உரியது அன்று. சிற்றிதழ்களிலோ அந்த இருபது ரூபாயும் இல்லை. இதழ் ஒரு பிரதி வீட்டுக்கு வரும், அதுவே சன்மானம். அன்பரின் முதல் ஐயத்துக்கு இது போதிய விடை என்று நாம் கருதுகிறோம்.

நம் சமுதாயம் இவ்விஷயத்தில் பெருமைப்படத் தக்க ஒரு வரலாறு உண்டு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் தமிழாசிரியராக அமர்ந்த சாமிநாதையரை, அவ்வாண்டு அக்டோபரில் முன்சீபாக அங்கு வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியின்பால் திருப்பினார் என்பதும், நூற்பொருள் விளங்காது இடர்ப்பட்ட ஐயர் அந்நகரத்து ஜைன அன்பர்களை நாடினார் என்பதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் அவருக்குச் சமய நுட்பங்களை மனமுவந்து எடுத்துரைத்தனர். 'பவ்ய ஜீவன்' என்று நம்மவர் தம்மைக் குறித்ததை ஐயரே மகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் அவ்வரலாற்றில் நாம் அடிக்கடி பேசாது விடும் ஒரு பகுதி, பணம் வந்த வழி. நூல் அச்சாகுமுன்பே பலரிடம் கையொப்பம் பெறப்பட்டது. 'அச்சானால் இத்தனை பிரதி வாங்குவேன்' என்று எழுதித் தருவதே அந்நாள் கையொப்பம். பெரும்பாலோர் அதற்கு முன் சிந்தாமணியைக் கண்ணாலும் கண்டதில்லை. சைவராகிய ஒருவர் சமண நூலைப் பதிப்பதா என்று குறை கூறியவர்களும் இருந்தனர். காணாத நூலுக்கு, அது நன்றாக வருமா என்றறியாத நிலையில், ஒரு கல்லூரி ஆசிரியரின் உழைப்பை நம்பியே அவர்கள் கையொப்பமிட்டனர். 1887 அக்டோபரில் நூல் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. முதல் நூலுக்கு இட்ட கையொப்பங்களில் பின்வந்த நூல்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நம் துணிபு. விலை முடிந்த நூலுக்குக் கொடுப்பது. கையொப்பம் இனி எழுதப்பட வேண்டியதற்குக் கொடுப்பது. அன்பரின் அறுநூறு ரூபாய் இந்த இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது.

இனி, தானம் என்ற சொல்லுக்கு வருவோம். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என நால்வகைத் தானம் கூறும் மரபு நம்முடையது. சாஸ்திர தானத்தில் நாம் குறைந்தவர்கள் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை, பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் ஓலைப் பிரதிகள் எழுதுவித்து வழங்கினாள் என்பதை நம் மேடைகளில் சொல்லாத பேச்சாளர் இல்லை. அவளே ரன்ன கவியை ஆதரித்து, 993இல் அஜித புராணம் நிறைவெய்தக் காரணமாக இருந்தாள் என்பதைச் சொல்பவர் சிலரே. இவ்விரண்டு செயல்களும் ஒன்றல்ல. முதலாவதில் பொருள் ஓலைக்கும் பிரதி எழுதுவோருக்கும் சென்றது. இரண்டாவதில் கவிக்குச் சென்றது. நாம் அத்திமப்பையின் முதற் செயலை மட்டும் வழிவழியாகப் பின்பற்றி வருகிறோம். பெற்றோர் நினைவாக, மணிவிழாவின் பொருட்டு, பிரதிஷ்டையின் பொருட்டு நூல் அச்சிட்டு இலவசமாக வழங்குகிறோம். அச்சகத்தாருக்குத் தவறாமல் பணம் செலுத்துகிறோம். தாள் விலை ஏறினால் ஏறிய விலையையும் கொடுக்கிறோம். எழுதியவருக்கோ ஒரு பொன்னாடை. (பொன்னாடைகளை மட்டும் சேர்த்து வைத்தால் ஒரு துணிக்கடையே திறக்கலாம் என்று நம் புலவர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவர் வீட்டார் அதைக் கேட்டுச் சிரிப்பதில்லை.) இலவசமாகவே நூல் கிடைத்துப் பழகிய வீட்டில், விலை கொடுத்து வாங்கும் வழக்கமும் மெல்ல மறைகிறது என்பதையும் கூறியாக வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், ஏற்பவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயன் வேறுபடும் என்று உணர்த்துகிறது. அதே அத்தியாயத்தில் அதிதி சம்விபாக விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் காலாதிக்கிரமம் என்பது உரிய காலம் கடந்து கொடுத்தல். அவ்விரதம் முனிவர்களுக்கு ஆகாரமளிப்பது பற்றியது. எழுதுவோரைப் பற்றியது அன்று என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும், தமிழ் எழுத்தாளர் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இக்குற்றமே நம் நினைவுக்கு வருகிறது. தம் நூல்களை நாற்பது பகுதிகளாக வெளியிட எண்ணி, 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களிடம் கடன் வேண்டிச் சுற்றுக்கடிதம் எழுதினார் பாரதியார். அம்முயற்சி கைகூடவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். புதுமைப்பித்தன் 1948 ஜூனில் திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தபின் அவர் குடும்பத்துக்கு நிதி திரட்டப்பட்டது. சி. சு. செல்லப்பா 1998இல் மறைந்தார். 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். பந்தி முடிந்து இலையெடுத்தபின் பரிமாறும் இவ்வழக்கத்தை நாம் வேறெந்த விருந்திலும் பொறுத்துக்கொள்வதில்லை.

செல்லப்பாவைப் பற்றி மேலும் சில சொல்ல வேண்டும். அவர் 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, கடைகளில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று வரையறை செய்துகொண்டார். இரண்டாயிரம் பேர் வந்து, போதும் என்று கதவை அடைக்கும் நிலை அவருக்கு ஒருநாளும் ஏற்படவில்லை. தம் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 119 இதழ்களோடு 1970இல் 'எழுத்து' நின்றது. அவ்விதழ் இல்லையேல் தமிழ்ப் புதுக்கவிதை இன்றுள்ள நிலையை எய்தியிராது என்று திறனாய்வாளர் கூறுவர். ஒரு மொழியின் கவிதைப் போக்கையே மாற்றிய இதழைத் தாங்க, அந்நாள் தமிழகத்தில் இரண்டாயிரம் சந்தாக்கள் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஐயம் எளிதில் தள்ளத் தக்கதன்று. கொடுப்பவர் ஒருவராக இருந்தால் எழுத்து அவர் முகம் நோக்கும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழே சாட்சி. பெரும்புலமை வாய்ந்தவர்கள் ஜமீன்தார்கள்மீது பிரபந்தங்கள் பாடிக் காலம் கழித்தனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களே அன்பர்கள் வேண்டிய தலங்களுக்கெல்லாம் புராணம் இயற்றினார். 1876இல் மறைந்தபோது கடனும் வைத்துச் சென்றார். அத்துணைப் பேராற்றல் தன் விருப்பப்படி எழுத வாய்த்திருந்தால் என்னென்ன எழுதியிருக்கும் என்று நாம் ஏங்காமலிருக்க முடியவில்லை. எனவே ஒருவர் ஒரு லட்சம் கொடுப்பதைக் காட்டிலும் நூற்று எழுபது பேர் அறுநூறு கொடுப்பது நன்று. தொகை ஏறத்தாழ ஒன்றே; ஆனால் நூற்று எழுபது பேரில் எவர் மனம் கோணுமோ என்று எழுதுபவர் அஞ்ச வேண்டியதில்லை. ஒருவர் விலகினாலும் அடுப்பு அணையாது. சிறுவாச்சூர் அன்பரைப் போன்ற நடுத்தர வருவாயினர் கொடுப்பதற்குள்ள தனிச் சிறப்பு இதுவே. கும்பகோணத்து ஜைனர்களும் ஐயரைச் சமயம் மாறச் சொல்லவில்லை. உரையில் தம் பெருமையைக் கூட்டி எழுதுமாறும் கேட்கவில்லை.

பசித்தவர் இருக்க என்ற ஐயத்துக்கு நம் விடை சற்றுக் கடுமையானது. ஆகார தானத்துக்கென்று ஒதுக்கியதிலிருந்து ஒரு காசும் இதற்கு எடுக்கலாகாது. எடுப்பவர் எழுத்துக்கும் நன்மை செய்தவராகார். ஆனால் அன்பர் வீட்டுச் செலவில் அன்னமும் சந்தாவும் மட்டுமா இருக்கின்றன? போகோபபோக பரிமாணம் என்று நுகர்பொருள்களுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் விரதம் இல்லறத்தாருக்கு உண்டு. அவ்வெல்லையைச் சிறிது சுருக்கி அதிலிருந்து எடுப்பதே நேர்வழி. நம் இல்லத் திருமணங்களில் ஓர் அழைப்பிதழுக்கு அறுபது, எழுபது ரூபாய் செலவிடுகிறோம். ஐந்நூறு அழைப்பிதழ்களில் ஐம்பது மிஞ்சிப் பரண்மேல் கிடக்கும். அப்பணம் எவருடைய பசியைத் தீர்த்தது என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. எழுதுவோருக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏழையின் பசி நம் நினைவுக்கு வருவானேன்?

கொடுக்க இயலாதவர் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. நானூறு ரூபாய் செலுத்துபவர் கேட்ட விலையைச் செலுத்தியவர். அவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். மிகுதி கொடுத்தவர் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிடும் வழக்கத்தையும் சிற்றிதழ்கள் கைவிடலாம் என்பது நம் கருத்து. ஒரே இதழை ஒரே தெருவில் இருவர் படிக்க, ஒருவர் புரவலர் மற்றவர் வெறும் சந்தாதாரர் என்ற வேற்றுமை எதற்கு?

இவற்றையெல்லாம் அன்பருக்குத் தெரிவித்தோம். அவர் இவ்வாண்டுக்கு மட்டும் ஆயிரம் செலுத்துவதாக முடிவு செய்திருக்கிறார். கூடவே, அறுநூறு ரூபாயில் எழுதுவோர் கைக்குச் செல்வது எவ்வளவு, அச்சகத்துக்குச் செல்வது எவ்வளவு என்று இதழாசிரியரைக் கேட்டுக் கடிதமும் எழுதியுள்ளார். அவ்விடையைப் பார்த்தே அடுத்த ஆண்டைப் பற்றி எண்ணுவாராம். இதனை நாம் அச்சுக்கு அனுப்பும் நாள்வரை விடை வரவில்லை.