ஆதியா, அகதியா?

ஆழ்வார்பேட்டையில் ஒரு சபா ஹால். தமிழர் தொன்மை பற்றிய கூட்டம். 2025 ஜனவரியில் தமிழக அரசு 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டு, சிவகளையில் கி.மு. 3345 வாக்கிலேயே இரும்பு புழங்கியது என்று அறிவித்ததே, அதற்குச் சில வாரங்கள் கழித்து நடந்தது. ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். தாழி, வாள், பானை ஓடு. ஒவ்வொரு தேதிக்கும் கைதட்டல். நானும் தட்டினேன்.

முடிந்ததும் வாசலில் காபி. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். நல்ல மனுஷர்தான். பேர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, "அப்பா என்ன பண்ணிண்டிருந்தார்?" என்றார்.

"குழி தோண்டிட்டிருந்தார் சார்."

"ஓ, ஆர்க்கியாலஜியா? எந்த சைட்?"

"இதே ஏரியாதான் சார். அஸ்திவாரக் குழி, சாக்கடைக் குழி."

ஒரு நொடி முகம் தடுமாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். "அதனால என்ன சார்! நீங்கள்ளாம்தானே இந்த மண்ணோட ஆதிக்குடி. நாங்கள்ளாம் அப்புறமா வந்தவா." சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அது இனித்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். இந்த ஏரியாவில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட தெருவில் ஒருவர் நின்று "நீங்கதான் முதல்ல வந்தவங்க" என்று சொன்னால் இனிக்காமல் என்ன செய்யும்? ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்த இனிப்பு கசந்துவிட்டது. முதலில் வந்தவன் என்பதால் ஒருவனுக்கு மதிப்பு வருமா? வரும் என்றால், கடைசியாக வந்தவனுக்கு என்ன கதி? இந்தக் கேள்வியைத்தான் இங்கே நம் தோழர்கள் முன் வைக்கிறேன்.

*

'ஆதி' என்கிற சொல்லை நமக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. ஆழ்வார்பேட்டையிலிருந்து மியூசிக் அகாதெமியைத் தாண்டி வடக்கே நடந்தால் ராயப்பேட்டை. அங்கிருந்துதான் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். இழிந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இந்த நாட்டின் பூர்வ பௌத்தர்கள், சாதிபேதமற்ற திராவிடர்கள் என்று எழுதினார். அவருடைய மைத்துனர் ரெட்டைமலை சீனிவாசன் நேர் எதிரான வழியில் போனார். எந்தப் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தினார்களோ அதையே தலைப்பாக்கி, 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பதில்கள். ஒருவர் இழிபெயரைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதையே எதிரியின் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.

சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா எழுப்பிய கோரிக்கையை ஏற்று, 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஆவணங்களில் ஏற்றது. இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ஆதி ஆந்திரர், ஆதி கர்நாடகர், ஆதி இந்து, பஞ்சாபில் ஆத் தர்ம் என்று 1910களிலும் 20களிலும் நாடெங்கும் ஒடுக்கப்பட்டவர்கள் இதே சொல்லை எடுத்தார்கள். "நீ தீட்டு" என்றவனிடம் "உனக்கு முன்னாலேயே நான் இங்கே இருந்தேன்" என்று சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை இந்தச் சொல் கொடுத்தது. அதைக் கேலி செய்கிறவன் நான் இல்லை.

ஆனால் அந்தச் சொல் நம்மைக் காப்பாற்றியதா? என் அத்தையிடம் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று சாதிச் சான்றிதழ். அதில் 'இந்து ஆதிதிராவிடர்'. இன்னொன்று குடிசையைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ். அதில் 'ஆக்கிரமிப்பாளர்'. மூன்று தலைமுறையாக அதே இடத்தில் இருந்தவள். "இன்னாடா இது, இதுல ஆதின்றான், அதுல ஆக்கிரமிப்புன்றான், நா யாருடா?" என்று கேட்டாள். படித்தவன் என்று என்னிடம் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஊருக்கு வெளியே, தூரத்து அடுக்குமாடி ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

*

சரி, உண்மையான ஆதி எது? அதற்கும் ஒரு குழிக்குள்தான் இறங்க வேண்டும்.

1863 மே 30ஆம் தேதி, பல்லாவரத்தில் சரளைக்கல் எடுக்க வெட்டியிருந்த ஒரு குழியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு கல்லைப் பொறுக்கினார். கை வைத்துச் செதுக்கிய கல். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. ஃபூட்டின் பெயரைப் பரீட்சைக்குப் படித்தோம். குழி வெட்டியவர்களின் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. என் நைனாவும் அந்த மாதிரி ஆள்தான். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் மண்ணைப் படிப்பார். "மேல கட்டட ரப்பீஸு, அதுக்குக் கீழ மணலு, அதுக்கும் கீழ பாரு, கிளிஞ்சலு. கடலு இங்க வரைக்கும் இருந்துக்குதுடா" என்பார். அதையே ஒரு பேராசிரியர் சொன்னால் மண்ணடுக்கு ஆய்வு. நைனா சொன்னால் கூலிக்காரன் பேச்சு.

ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அதே 1863இல் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999 முதல் அகழாய்வு செய்து, 2011இல் வெளியிட்ட முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அங்குள்ள கைக்கோடரிகளுக்கு வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஹோமோ சேப்பியன்ஸ் என்கிற நம் மனித இனத்தின் எலும்புகளில் மிகப் பழையவை மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்தன. வயது சுமார் 3 லட்சம். அப்படியானால் அத்திரம்பாக்கத்துக் கோடரியைச் செதுக்கியவர்கள் நம் இனமே இல்லை. நமக்கு முந்திய வேறொரு மனித இனம். அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை, கல் மட்டும்தான் கிடைத்தது. அவர்களுக்குக் குலம் இல்லை, கோத்திரம் இல்லை. தமிழும் இல்லை, சமஸ்கிருதமும் இல்லை. இந்த மண்ணின் முதல் ஆளைத் தேடிப் போனால், நம்மில் எவனுக்கும் பாட்டன் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அவனிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்ததாக எதையாவது சொல்லலாம் என்றால், கையால் உழைக்கிற தொழில் ஒன்றைத்தான் சொல்லலாம்.

அப்புறம் நம் இனம் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி, பல்லாயிரம் ஆண்டுகள் நடந்து, இங்கே வந்தது. ஆகவே எல்லோரும் வந்தவர்கள்தான். ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒருத்தன் முன்னால், ஒருத்தன் பின்னால். முன்னால் நின்றதற்காக ஒருவன் பெரிய மனுஷன் ஆகிவிடுவானா?

*

ஆதி மனிதனை விட்டு நாகரிகத்துக்கு வருவோம். மெசபடோமியாவில் உருக் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 3300 வாக்கில் அங்கே எழுத்து பிறந்தபோது முதலில் எழுதப்பட்டது கவிதை இல்லை, கணக்கு. எவ்வளவு பார்லி வந்தது, யாருக்கு எவ்வளவு அளந்து போட்டது என்ற கணக்கு. அந்த நகரத்தில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி முரட்டு மண்கிண்ணங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. வேலையாட்களுக்குக் கூலித் தானியம் அளந்த கிண்ணங்கள் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். விளைச்சல் மிஞ்சியது. மிஞ்சியதைக் காக்க ஒருவன், எண்ண ஒருவன், சுமக்க ஒருவன் என்று ஆனது. எண்ணுகிறவன் கையில் எழுத்து வந்தது, சுமக்கிறவன் கையில் கிண்ணம் வந்தது.

மொகஞ்சதாரோவை 1924இல் ஜான் மார்ஷல் உலகத்துக்கு அறிவித்தார். அன்றிலிருந்து எல்லோரும் புகழ்வது அதன் சாக்கடையைத்தான். செங்கல் பாவி, மேலே மூடி போட்டு, ஆங்காங்கே கசடு தங்கத் தொட்டி வைத்த சாக்கடை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதைச் சொன்னபோது வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. தொட்டி நிறைந்ததும் மூடியைத் திறந்து இறங்கினவன் யார்? அவனுக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றில்?

அங்கே சாதி இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கீழடியின் பானை ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்கள் சாதி வால் ஒட்டாமல் நிற்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஓட்டில் சாதி எழுதாததால் ஊரிலும் சாதி இல்லை என்று முடிவு கட்டுவது அவசரம். பெயர் எழுதின பானை ஒருவனுக்கு இருந்தது. பானையே இல்லாதவன் பெயரை எதில் எழுதியிருப்பான்?

இந்த ஆராய்ச்சிகளில் நமக்கு வேண்டியது வேறொன்று. 2013இல் ஐதராபாத் ஆய்வு மையமும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு, ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாக ஒருவரோடொருவர் கலந்தார்கள் என்கிறது. இன்று மேல், கீழ் என்று சொல்லிக்கொள்கிற எல்லாரிலும் அந்தக் கலப்பு இருக்கிறது. அப்புறம்தான் கதவு மூடியது, அகமண முறை இறுகியது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர், சாதியின் சாரம் அகமணம்தான் என்று வாசித்தது நினைவுக்கு வருகிறது. ஆக, சாதி ஆதியில் இல்லை. அது பிறந்ததற்கு ஒரு காலம் உண்டு. பிறந்ததைச் சாகடிக்கவும் முடியும். மண்ணுக்கடியிலிருந்து நமக்குக் கிடைக்கிற பெரிய செய்தி இதுதான். நாம் முதலில் வந்தோமா என்பது இதற்குப் பக்கத்தில் ரொம்பச் சின்ன விஷயம்.

*

நாம் அம்பேத்கரை மேற்கோள் காட்டுகிறோம். 1948இல் அவர் தீண்டப்படாதவர்கள் யார் என்று கேட்டு எழுதிய நூலில் சொன்னதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். நாடோடிக் குழுக்கள் விவசாயம் செய்து ஒரு இடத்தில் தங்க ஆரம்பித்த காலத்தில், சண்டையில் சிதறிப்போனவர்கள் ஊர் எல்லையில் வந்து ஒண்டினார்கள். அப்படிச் சிதறுண்டவர்கள்தான் நம் முன்னோர் என்கிறார். அவர்கள் பௌத்தர்களாக இருந்தார்கள், மாட்டிறைச்சியை விடவில்லை, அதனால் கி.பி. 400 வாக்கில் தீண்டாமை அவர்கள் மேல் விழுந்தது என்கிறார். இனம் வேறு என்ற வாதத்தை அவர் ஏற்கவே இல்லை.

இந்தக் கருதுகோள் சரியா தவறா என்பதை வரலாற்று ஆசிரியர்கள் விவாதிக்கட்டும். எனக்கு முக்கியம் அதில் இருக்கிற அறம். பண்டிதர் நம்மை ஆதி என்றார். பாபாசாகேப் நம்மை அகதி என்றார். முதலில் வந்ததால் மதி என்று அவர் கேட்கவில்லை. கடைசியில் வந்தவனாக, உடைந்தவனாக, எல்லையில் ஒண்டியவனாக இருந்தாலும் மனிதன் மனிதன்தான் என்று அந்த நூல் நிற்கிறது. பண்டிதரையும் மறுபடி படித்துப் பாருங்கள். அவர் சூட்டிய பெயரின் பலம் 'திராவிடர்' என்பதில் மட்டும் இல்லை, 'சாதிபேதமற்ற' என்பதில் இருக்கிறது. ஆதி என்பது அவருக்கு வயசுக் கணக்கு இல்லை, சாதி பார்க்காத வாழ்க்கை.

அந்த வாழ்க்கை நம்மிடம் இருக்கிறதா? என் வீட்டிலிருந்தே சொல்கிறேன்.

நைனா குழி தோண்டுகிறபோது பழைய சாக்கடைக் குழாய் குறுக்கே வந்தால் கடப்பாரையை வைத்துவிட்டு மேலே ஏறிவிடுவார். ஆள் அனுப்புவார். ஒரு அருந்ததியர் வருவார். நைனாவைவிட நாலைந்து வயது மூத்தவர். நைனா அவரை "டேய்" என்பார். அவர் நைனாவை "அண்ணா" என்பார். அவர் உள்ளே இறங்கி அடைப்பெடுத்து முடித்ததும் நைனா செம்பிலிருந்து உயரத் தூக்கி அவர் கையில் தண்ணீர் ஊற்றுவார். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் நைனாவுக்கு அப்படித்தான் ஊற்றினார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அழுதவர் அவர். ஒருநாள் கேட்டேன். "அவன் தெலுங்குக்காரன்டா, பொயக்க வந்தவன். நாம இந்த ஊரு ஆதிக்குடி" என்றார்.

காபி குடித்துக்கொண்டே அந்தப் பெரியவர் எனக்குக் கொடுத்த அதே சொல். நைனா அதைத் தனக்குக் கீழே ஒருவனை நிறுத்தப் பயன்படுத்தினார்.

2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் மனதார வரவேற்றோம்? 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்ன பிறகும், "அவங்க நாயக்கர் காலத்துல வந்தவங்கதானே" என்கிற பேச்சை நம் கூட்டங்களிலேயே என் காதால் கேட்டேன். மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களில் பெரும்பகுதி யார் என்று நமக்குத் தெரியும். இறங்கச் சொல்வதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். செத்தவருடைய குடும்பத்துக்கு நட்டஈடு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிணத்தின் முன்னால் நின்று, நீ எந்த நூற்றாண்டில் வந்தாய் என்று கேட்க நமக்கு எப்படி வாய் வருகிறது?

ஒதுக்கீட்டின் அளவு பற்றி, கணக்கு பற்றி வாதம் செய்யலாம். செய்ய வேண்டும். ஆனால் 'வந்தேறி' என்ற சொல்லை எடுத்த அந்த நொடியில் நாம் புருஷ சூக்தக்காரன் பக்கம் போய் நின்றுவிட்டோம். அவனுடைய வாதமும் பிறப்பிலிருந்து தொடங்குகிற வாதம்தான். அவன் முகத்திலிருந்து பிறந்தேன் என்கிறான். நாம் மண்ணிலிருந்து பிறந்தேன் என்கிறோம்.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காக ஆழ்வார்பேட்டையைத் தோண்டியபோது, வேலி ஓரமாக ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். பீகார். எனக்கு இந்தி அரைகுறை. அவனுக்குத் தமிழ் அரைகுறை. அப்பா என்ன வேலை என்று கேட்டேன். கையால் மண் வெட்டுகிற மாதிரி காட்டினான். என்ன ஆளுங்க என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. என் அப்பாவும் அதேதான் என்று நானும் கையால் காட்டினேன். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கி, வாய் வைத்தே குடித்தேன்.