குதிரைக்கு விழுந்த பெயர்

சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை காதுகளைப் பின்னுக்கு மடக்கி, தலையைத் திருப்பிப் பல்லைக் காட்டுகிறது. இரண்டொரு முறை இப்படி நடந்துவிட்டால் போதும், கடிக்கிற குதிரை என்று லாயத்தில் பெயர் விழுந்துவிடும். அடுத்து வருபவர் பயத்தில் வாரை வெடுக்கென்று இழுப்பார். அது இன்னும் சீறும். பெயர் நிலைத்துப் போகும். இரைப்பையில் புண் இருக்குமோ, சேணம் தோள்மேட்டில் அழுத்துகிறதோ என்று பார்க்க அதன்பின் யாருக்கும் தோன்றாது. பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் மிகச் சாதாரணமாக வருவது கால்நடை மருத்துவர்கள் அறிந்த பழைய செய்தி.

ஆனாலும் எச்சரிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி அது. கடித்ததையும் உதைத்ததையும் மறைத்து விற்றுவிட்டு, வாங்கிய வீட்டுப் பிள்ளை கீழே விழுந்து முதுகு முறிந்தால் அந்தப் பழி விற்றவரைத்தான் சேரும். குதிரை மேல் இரக்கப்பட்டு மௌனமாக இருப்பது இன்னொரு உயிருக்குச் செய்யும் துரோகம். சொல்லித்தான் ஆக வேண்டும். எதைச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

வாரை இறுக்கும்போது மட்டும் மூன்று முறை கடிக்க வந்தது என்றால் அது நடந்த செய்தி. கேட்பவர் வாரைப் பார்ப்பார், வயிற்றைத் தடவிப் பார்ப்பார், மருத்துவரை அழைப்பார். பொல்லாத குதிரை என்றால் தீர்ப்பே எழுதியாகிவிட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கடித்தது பொய்யில்லை, ஆனால் பொல்லாதது என்பது பொய்யாக இருக்கலாம். மறுத்துப் பேச வாயில்லாத ஒன்றின் மீது சொல்லப்படும் பொய் என்பதால் அதன் பாவம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. (நம் பக்கம் அந்தியூர் போன்ற குதிரைச் சந்தைகளில் சுழி பார்ப்பவர்கள் உண்டு. அங்கே ஒரு தப்பும் செய்யாத குட்டிக்குக்கூட, முடி சுழன்றிருக்கும் இடத்தை வைத்தே ஆகாத குதிரை என்ற பெயர் வந்துவிடுகிறது.)

சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன் பட்டியலிட்டிருக்கிறார். காதைப் பின்னுக்குச் சாய்ப்பது, வாயைத் திறப்பது, வாலை ஓயாமல் வீசுவது, முன்னங்காலைத் தூக்கி எழும்புவது எல்லாம் அதில் உண்டு. எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார். காலங்காலமாகச் சண்டித்தனம் என்று சவுக்கால் திருத்தப் பார்த்தவை பலவும் அந்தப் பட்டியலில் நிற்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

எல்லாக் குதிரைக்கும் நோய்தான் காரணம் என்பதில்லை. ஜெர்மனியில் 1945இல் பிறந்த ஹல்லா என்ற பெட்டைக் குதிரை, படபடப்பு மிக்கது, ஏறுவதற்கு ஆகாதது என்று பெயரெடுத்தது. 1951இல் குதிரையேற்ற வீரர் ஹான்ஸ் குந்தர் விங்க்லர் அதை ஏற்றுக்கொண்டார். பழகுவது அவருக்கும் எளிதாக இருக்கவில்லை. 1956 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஸ்டாக்ஹோமில் நடந்தன. தடை தாண்டும் போட்டியின் முதல் சுற்று முடியும் தறுவாயில் விங்க்லருக்குத் தொடை இடுக்கில் தசை கிழிந்தது. அவர் விலகினால் அணியே வெளியேற வேண்டிய நிலை. இரண்டாம் சுற்றில் ஏறி உட்கார்ந்தார். காலால் அழுத்திக் குறிப்புக் கொடுக்க வலு இல்லை. ஒவ்வொரு தாவலிலும் வலியில் கத்தினார். அந்தச் சத்தத்துக்கு மிரண்டு ஓட வேண்டிய, படபடப்புக்காரி என்று பெயர் வாங்கிய அந்தக் குதிரை ஒரு தடையையும் தட்டாமல் அவரைச் சுமந்து முடித்தது. தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் கிடைத்தன.

இந்தக் கதை மனதை நெகிழ்த்துகிறது. கூடவே ஒரு உறுத்தலும் இருக்கிறது. தங்கம் வாங்கித் தந்த பிறகுதான் ஒரு குதிரையின் பழி நீங்க வேண்டுமா? ஹல்லா எந்தத் தடையையும் தாண்டியிருக்காவிட்டாலும் அதைப் பொறுமையாகப் புரிந்துகொள்ள ஒருவர் கடமைப்பட்டிருந்தார் அல்லவா? விங்க்லர் வாய்க்காத குதிரைகள் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு முறையும் விலை இறங்கி, கடைசியில் கசாப்பு வண்டியில் ஏறுகின்றன. ஜெர்மனியில் ஹல்லா என்ற பெயரை இனி எந்தப் போட்டிக் குதிரைக்கும் வைப்பதில்லை. அந்த வண்டியில் ஏறுபவற்றுக்கோ, லாயத்தில் யாரோ அவசரத்தில் வைத்த பெயர்தான் கடைசி வரை.